ஃபாரெவர் வார் நாவல்ல பூமிக்கு திரும்பி வர்ற பகுதிய தாண்டிடலாமா?

கேள்வி, ஜனவரி 4

ஜோ ஹால்டமேன் எழுதின 'தி ஃபாரெவர் வார்' படிச்சிட்டிருக்கேன். முதல் பகுதி பறக்குது. ட்ரெயினிங், ஃபைட்டிங் சூட், முதல் சண்டை எல்லாம் ஒரே மூச்சுல முடிச்சேன். இப்ப ஆளுங்க பூமிக்கு திரும்பிட்டாங்க, கதை அப்படியே படுத்துடுச்சு. அம்மா வீடு, சாப்பாட்டை வச்சு கரன்சி, வேலை கிடைக்காத ஜனங்கன்னு போய்க்கிட்டே இருக்கு. ஏலியனக் காணோம். தாண்டி அடுத்த சண்டைக்கு போயிடலாமா? போர் கெட்டதுன்னு சொல்ற நாவல்னு ஏற்கனவே தெரியும், அதுக்கு இவ்ளோ நீட்டணுமா?

ஜனவரி 4, இரவு

தாண்டாதீங்க. தயவுசெஞ்சு. இப்ப நீங்க நிக்கிற இடம்தான் அந்த நாவலோட உயிர்நாடி. சண்டை வேற எத்தனையோ புத்தகத்துல இதைவிட பிரமாதமா இருக்கு, திரும்பி வர்றது இந்த மாதிரி எதுலயும் இல்ல. கையில இருக்கிறது எந்த வருஷப் பதிப்புன்னு முன்பக்கத்தைப் பார்த்து சொல்லுங்க, அது ரொம்ப முக்கியம். ஏன்னு நாளைக்கு எழுதறேன்.

ஜனவரி 5

கதை தெரிஞ்சிடக்கூடாதுன்னு நினைக்கிறவங்க இதோட நிறுத்திக்கோங்க, இனிமே எல்லாத்தையும் போட்டு உடைக்கத்தான் போறேன்.

கதைநாயகன் மண்டெல்லா ஃபிசிக்ஸ் படிச்ச பையன். டாரன்கள்ங்கிற ஏலியன்களோட சண்டை போட 1997ல கிளம்பறான். கொலாப்ஸார்னு, உள்ளுக்குள்ள சுருங்கிப்போன நட்சத்திரம் ஒண்ணு வழியா கப்பல் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு டக்குனு தாவும், அதுக்கு நேரமே ஆகாது, ஆனா அந்த கொலாப்ஸார் வரைக்கும் போறதும் அங்கிருந்து திரும்பறதும் ஒளியோட வேகத்துக்கு பக்கத்துல போகணும், அங்கதான் காலம் மாட்டிக்குது. அவன் உடம்புக்கு ஏறக்குறைய 2 வருஷம்தான் ஆகுது, பூமியில 2024 வந்துடுது. 27 வருஷம். இவன் இன்னும் இருபதுகள்லயே இருக்கான், அம்மாவுக்கு 84 வயசு. அப்பா இல்ல, இவன் போயிருந்தப்பவே போய்ச் சேர்ந்துட்டார். அம்மா இப்ப இன்னொரு பெண்ணோட சேர்ந்து வாழறாங்க, அதை எப்படி எடுத்துக்கறதுன்னே இவனுக்குத் தெரியல. வெளிய போகணும்னா பாடிகார்ட் வேணும்ங்கிற ஊரா மாறிப்போயிருக்கு. பணம்னா கலோரி, சாப்பாட்டோட அளவுதான் நாணயம்.

அதுல ஒரு விஷயம், என்னால இன்னிக்கும் நிதானமா எழுத முடியல. 70 வயசு தாண்டினவங்களுக்கு வைத்தியத்துல ஒரு மதிப்பெண் வச்சிருக்காங்க, அம்மாவுக்கு அது சைபர். சைபர்னா டாக்டர் பார்க்க மாட்டார், அவ்ளோதான், சட்டமே அப்படி. யாருக்காக நட்சத்திரம் தாண்டிப் போய் சண்டை போட்டானோ அந்த அரசாங்கம்தான் அந்த சைபரைப் போட்டது. அம்மா செத்துப்போறாங்க. இதுல ஏலியன் எங்கன்னு கேட்டீங்கல்ல, எனக்கு ஏலியன் இந்தப் பகுதியிலதான் தெரியுது, பக்கத்துக்குப் பக்கம் தெரியுது.

அவனோட சேர்ந்து சண்டை போட்ட மேரிகேயோட அப்பா அம்மா ஒரு பண்ணையில இருக்காங்க, சரி ஊர்ல இருந்து தள்ளி நிம்மதியா இருக்கலாம்னு அங்க போறாங்க ரெண்டு பேரும். கொள்ளைக்காரங்க வந்து அங்கயும் அடிக்கறாங்க, அவளைப் பெத்தவங்க ரெண்டு பேரும் போயிடறாங்க.

இதுக்கப்புறம் ரெண்டு பேரும் என்ன பண்றாங்கன்னு நீங்களே படிச்சிடுங்க, அதுக்குத்தான் தாண்ட வேணாம்னு கெஞ்சறேன்.

ஜனவரி 5, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல ஒருத்தர் இது 1997ல வந்த நாவல்னு போட்டிருக்கார். இல்லைங்க. புத்தகமா வந்தது 1974. 1997ங்கிறது ஒரு பதிப்போட வருஷம், அது தற்செயலா கதையில படை கிளம்பற வருஷமாவும் ஆயிடுச்சு. குழப்பம் வர்றது சகஜம்தான், ஆனா இந்த வருஷக் கணக்கு சரியா தெரிஞ்சாதான் அடுத்து நான் சொல்லப் போறது புரியும்.

முதல்ல இது துண்டு துண்டா 'அனலாக்' பத்திரிகையில வந்துச்சு. அங்க ஆசிரியர் பென் போவா. மத்த பகுதியெல்லாம் எடுத்துக்கிட்டார், பூமிக்கு திரும்பற பகுதிய மட்டும் ரொம்ப சோகமா இருக்கு, நம்ம வாசகருக்கு ஒத்துவராதுன்னு திருப்பிட்டார். ஹால்டமேன் அதுக்குப் பதிலா இன்னொண்ணு எழுதிக் கொடுத்தார், அவ்ளோ இருட்டு இல்லாதது. புத்தகமா வந்தப்பவும் அந்த மாத்தி எழுதினதுதான் உள்ள போச்சு. முதல்ல எழுதினது தனிக்கதையா 'அமேசிங்' பத்திரிகையில 1975ல வந்துச்சு. அப்புறம் 1991ல வந்த பதிப்புல கொஞ்சம் சேர்த்தாங்க, பழசும் புதுசும் கலந்து கிடந்துச்சு. 1997லதான் அவர் முதல்ல எப்படி எழுதினாரோ அப்படியே முழுசா வந்தது, முன்னாடி அவரே ஒரு குறிப்பும் எழுதியிருக்கார்.

யோசிச்சுப் பாருங்க. போருக்குப் போனவன் வீட்டுக்கு வந்தா என்ன ஆகும்ங்கிற பகுதிய மட்டும் படிக்கிறவங்க தாங்க மாட்டாங்கன்னு வெளிய வச்சிருக்காங்க, இருபது வருஷத்துக்கு மேல. சண்டையில ஏலியனக் கண்டதுண்டமா வெட்டறதை யாரும் வேணாம்னு சொல்லல. நண்பர் நேத்து கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான், அதனாலதான் எனக்கு இவ்ளோ பதைப்பு.

பதிப்பகங்களும் சும்மா விடல, 18 பேர் திருப்பி அனுப்பினாங்களாம். உள்ளுக்குள்ள இது வியட்நாம் போர்க் கதைதான், அப்படி ஒரு அறிவியல் புனைகதைய யார் படிப்பாங்கன்னு காரணம். கடைசியில செயின்ட் மார்ட்டின்ஸ் எடுத்தாங்க. அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கற பெரிய விருதுகளான நெபுலா, ஹ்யூகோ ரெண்டுமே வாங்கிச்சு.

ஜனவரி 7

நான் இதை முதல்ல காலேஜ் நாட்கள்ல ஒரு பழைய புத்தகக் கடையில வாங்கினேன், அட்டை போன காப்பி, அது அந்த மாத்தி எழுதின பதிப்பு. படிச்சேன், நல்லாருக்குன்னு வச்சிட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சு, வேலைக்குப் போய், எங்க அம்மாவுக்கு உடம்பு முடியாம ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டு உட்கார்ந்திருந்த நாட்கள்ல ஃபோன்ல புது பதிப்பைப் படிச்சேன். அந்த சைபர் வர்ற பக்கத்துல நிறுத்திட்டேன், அன்னிக்கு மேல படிக்க முடியல. அம்மா நல்லா இருக்காங்க, பயப்படாதீங்க. ஆனா ஒரே நாவல்னு பேர் போட்டு ரெண்டு வேற புத்தகம் இருக்குன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

ஜனவரி 8

"டைம் டைலேஷன் வெறும் கிம்மிக், அது இல்லாமலே இந்தக் கதைய சொல்லலாம்"னு ஒருத்தர். வேகமா போறவனுக்குக் காலம் மெதுவா ஓடுதே, அதைத்தான் சொல்றார். இதுக்குத்தான் உட்கார்ந்து பதில் எழுதணும்னு நேத்துலருந்து காத்திருக்கேன்.

ஹால்டமேன் 1967ல ஃபிசிக்ஸ், வானியல் டிகிரி முடிச்சார், அதே வருஷம் ட்ராஃப்ட்ல, அதாவது கட்டாய ராணுவச் சேர்ப்புல இழுத்துட்டாங்க. வியட்நாம்ல காம்பாட் இன்ஜினியர், பலமா காயம் பட்டு, காயம்பட்ட வீரர்களுக்குக் கொடுக்கற பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வாங்கினவர். அதனால அவர் டைம் டைலேஷன எடுத்தது ஃபார்முலா தெரியும்ங்கிறதுக்காக மட்டும் இல்ல.

வியட்நாம்ல அமெரிக்க ராணுவம் ஒரு ஏற்பாடு வச்சிருந்துச்சு. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா 12 மாசம். யூனிட்டோட போய் யூனிட்டோட வர்றது இல்ல. ஒருத்தன் தனியா போய் தெரியாத ஆளுங்க நடுவுல இறங்குவான், அவன் தேதி வந்ததும் தனியா கிளம்புவான், கூட இருந்தவங்க அங்கயே இருப்பாங்க. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு வந்தவங்க கப்பல்ல வாரக்கணக்கா சேர்ந்து வந்தாங்க, அழுதாங்க, சீட்டு ஆடினாங்க, நடந்ததைப் பேசினாங்க, கரை வர்றதுக்குள்ள மனசு கொஞ்சமாவது இறங்கியிருக்கும். வியட்நாம்ல இருந்து பயணிகள் ஜெட் விமானம், உள்ள ஏர் ஹோஸ்டஸ் சாப்பாடு கொடுப்பாங்க. முந்தாநேத்து காட்டுல சேத்துக்குள்ள படுத்திருந்தவன் இன்னிக்கு கலிஃபோர்னியா ஏர்போர்ட்ல நிப்பான். அவன் போன அந்த ஒரு வருஷத்துல ஊர் மாறிடுச்சு, பாட்டு மாறிடுச்சு, முடி நீளம் மாறிடுச்சு, போரைப் பத்தி ஜனங்க பேசறது தலைகீழா மாறிடுச்சு. 1968ஐ நினைச்சுப் பாருங்க, அந்த ஒரே வருஷத்துல மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டாங்க. அப்ப அங்க இல்லாதவனுக்கு அது எத்தனை வருஷமா தெரிஞ்சிருக்கும்? ஹால்டமேன் அதுக்கு ஒரு நம்பர் போட்டார், 27ன்னு. அடுத்த தடவை நூத்துக்கணக்குல போட்டார்.

இது கிம்மிக்னா ஒத்தைத் தலைவலிக்கும் கிம்மிக்னு பேர் வைக்கலாம்.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல். 1971ல ஹாஃபேல், கீட்டிங்னு ரெண்டு பேர் அணுக் கடிகாரங்களைத் தூக்கிக்கிட்டு சாதாரண பயணிகள் விமானத்துல உலகத்தைச் சுத்தி வந்தாங்க, கிழக்கா போனது 59 நானோசெகண்ட் பின்தங்கிச்சு, மேற்கா போனது 273 நானோசெகண்ட் முந்திச்சு. அதாவது பயணம் பண்ணினா காலம் நிஜமாவே மாறுதுன்னு ஜெட் விமானத்துல நிரூபிச்ச அதே வருஷங்கள்ல, அதே மாதிரி ஜெட்லதான் இந்தப் பசங்க வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தாங்க. ஹால்டமேன் அதை மனசுல வச்சு எழுதினார்னு நான் சொல்ல வரல. ஆனா எனக்கு ரெண்டும் சேர்ந்தேதான் ஞாபகம் வருது.

ஜனவரி 8, பின்குறிப்பு

மன பாதிப்பைப் பத்தி நேரா எதுவும் எழுதலையேன்னு கேட்டவருக்கு: போர் மாதிரி பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மன பாதிப்புக்கு பி.டி.எஸ்.டி.ங்கிற பேரே அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல 1980லதான் ஏறிச்சு. நாவல் 1974. பேர் வைக்கறதுக்கு முன்னாடியே எழுதியாச்சு, அதனால மண்டெல்லா டாக்டர்கிட்ட போய் எனக்கு இது இருக்குன்னு சொல்ல முடியாது. முதல் சண்டையையே பாருங்க. எல்லார் மூளைக்குள்ளயும் முன்னாடியே ஹிப்னாசிஸ்ல வெறுப்பை ஏத்தி வச்சிருப்பாங்க, சார்ஜென்ட் ஒரு வரி சொன்னதும் அது கிளம்பும். எதிர்த்துக் கைகலக்கக்கூடத் தெரியாத டாரன்களைப் போட்டு வெட்டித் தள்ளிடறாங்க. முடிஞ்சப்புறம் அந்த வெறி போலின்னு இவனுக்குத் தெரியும், செஞ்ச கை தன்னோடதுன்னும் தெரியும். அதோடதான் அவன் அம்மா வீட்டு வாசல்ல வந்து நிக்கறான்.

ஜனவரி 10

எங்க தெருவுல ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் இருக்கார், நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். இங்கிலீஷ் நாவல் படிக்க மாட்டார், கதை சொன்னா கேட்பார். டீக்கடையில வச்சு மொத்தத்தையும் சொன்னேன். சூட் பத்தி சொன்னப்ப சும்மா தலையாட்டினார். 2 வருஷம், 27 வருஷம்னு சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "சர்வீஸ் எவ்ளோன்னு போட்டான்? ரெண்டா, இருபத்தேழா? பென்ஷன் அதை வச்சுத்தானே?"ன்னு கேட்டார். சம்பளம் பூமிக் கணக்குல சேர்ந்து கிடக்கும்னு சொன்னேன். "அப்ப பரவால்ல"ன்னார்.

மண்டெல்லாவும் மேரிகேயும் திரும்ப ராணுவத்துலயே சேர்ந்துடறாங்கன்னு சொன்னப்ப நான் அவர் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன், ஆச்சரியப்படுவார்னு. அவர் படவே இல்ல. அவரே பென்ஷன் வந்தப்புறம் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்ல மறுபடி சேர்ந்தவர்தான். ஏன் மாமா, வீட்ல இருந்திருக்கலாமேன்னேன். வீட்ல காலைல நாலரைக்கு எந்திரிச்சு என்ன பண்றதுன்னு தெரியல, பேசறதுக்கு ஆள் இல்ல, அங்க போனா பேச வேண்டிய அவசியமே இல்லாம எல்லாருக்கும் எல்லாம் தெரியும்னார். அவர் சொன்னதுல சோகம் ஒண்ணும் இல்ல, சாதாரணமாத்தான் சொன்னார். நாவல்ல இருக்கிற அளவுக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை போல. அம்மா சாகணும், பண்ணை எரியணும்னு இல்ல.

ஜனவரி 11

நேத்து எழுதினதைத் தூங்கப் போறப்ப யோசிச்சுக்கிட்டே இருந்தேன். மாமா சொல்றதும் நாவல் சொல்றதும் ஒண்ணு இல்ல. மாமா சேர்ந்தது விருப்பப்பட்டு, போன இடமும் அவர் எதிர்பார்த்த இடம். மண்டெல்லாவும் மேரிகேயும் கையெழுத்துப் போடறப்ப அவங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கறாங்க, நிலாவுல ட்ரெயினிங் கொடுக்கற வேலை, சண்டை கிடையாதுன்னு. போட்ட கையோட அடுத்த ஆர்டர் வருது, சண்டைப் படைக்கு மாத்தியாச்சுன்னு. வாக்கையும் மீறல பாருங்க, நிலாவுல அந்த வேலையைக் கொடுத்துட்டுத்தான் மாத்தறாங்க. எனக்கு இதுதான் நாவலோட ரொம்பக் கொடூரமான இடம். முதல் தடவை இவங்களைப் பிடிச்சு இழுக்க சட்டம் தேவைப்பட்டுச்சு, ரெண்டாவது தடவை தேவைப்படல, பூமியே அந்த வேலையைச் செஞ்சிடுச்சு, ராணுவம் ஃபாரத்தை நீட்டிக்கிட்டு நின்னா போதும்.

இதைத்தான் நண்பருக்கு சொல்றேன். நடுப்பகுதிய தாண்டினா அவங்க ஏன் திரும்பப் போறாங்கன்னு தெரியாது. சண்டை ஆசைன்னு நினைச்சிடுவீங்க.

ஜனவரி 11, ரெண்டு வரி

கேரன்ங்கிறது புளூட்டோவோட நிலாதானேன்னு கேட்டவருக்கு: அந்த நிலாவைக் கண்டுபிடிச்சது 1978. நாவல்ல வர்ற கேரன் புளூட்டோவுக்கு அப்பால இருக்கிற ஒரு கற்பனை கிரகம். அங்க ட்ரெயினிங்லயே ஆள் சாகறாங்க, சூட்ல சூடு வெளியேத்தற துடுப்பு உறைஞ்ச வாயு மேல பட்டா வெடிச்சிடும், கீழ விழுந்தாலே முடிஞ்சுது.

ஜனவரி 14

ஹைன்லைனோட 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' கூட வச்சு பேசணும்னு நாலஞ்சு பேர் கேட்டிருக்கீங்க. அது 1959. ரெண்டுலயும் சூட், ரெண்டுலயும் ஏலியன், ரெண்டுலயும் சார்ஜென்ட். அதுல ராணுவம் ஒரு பையனை மனுஷனாக்குது, இதுல ராணுவம் ஒரு மனுஷனை ஊர் இல்லாதவனாக்குது. ஹைன்லைன் கடற்படையில இருந்தவர், 1934ல காசநோய் வந்து வெளிய வந்துட்டார், போர்முனையைப் பார்க்கல. அதை வச்சு அவரை மட்டம் தட்ட நான் விரும்பல, நல்ல எழுத்தாளர். ஆனா வீட்டுக்கு வர்றதை அவர் எழுதவே இல்ல பாருங்க, அந்த நாவல்ல அவனுக்கு வீடே படைதான்.

எனக்கு இதைவிட முக்கியமா படறது யாரைப் பிடிச்சுட்டுப் போறாங்கங்கிறது. வியட்நாம் காலத்துல காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்தா ட்ராஃப்ட்ல இருந்து தள்ளி வைப்பாங்க, அதனால வசதியில்லாத வீட்டுப் பசங்கதான் நிறைய மாட்டினாங்க. ஹால்டமேன் அதை அப்படியே திருப்பிப் போட்டார். நாவல்ல 1996ல ஒரு சட்டம், ஐ.க்யூ. 150க்கு மேல இருந்தா கட்டாயம் வரணும். 50 ஆண், 50 பெண், எல்லாரும் படிப்புல பெரிய ஆளுங்க, அவங்களைப் பிடிச்சு பாறையைத் தோண்ட வைக்கறாங்க. டிகிரி வாங்கின வருஷமே இழுக்கப்பட்ட ஒருத்தர் எழுதினதுன்னு தெரிஞ்சு படிங்க, முதல் அத்தியாயமே வேற மாதிரி கேட்கும்.

ஜனவரி 17

இது வரைக்கும் பாராட்டியே எழுதிட்டேன், பிடிக்காததையும் எழுதணும்.

பெண் வீரர்கள் யாரோட படுக்கணும்ங்கிறதுக்கு அட்டவணை இருக்கும், மறுக்கக்கூடாதுங்கிறது படையோட வழக்கம், சட்டமும் கூட. இதை மண்டெல்லா ஏதோ மெஸ் மெனு மாதிரி சொல்லிட்டுப் போறான். பெண்களும் சண்டையில சமம்னு 1974ல எழுதினதுக்கு பாராட்டறவங்க இருக்காங்க, எனக்கும் அதுல மரியாதை உண்டு, ஆனா அந்த அட்டவணையில பேர் இருக்கிற ஒரு பொண்ணோட மனசுக்குள்ள நாவல் ஒரு பக்கம்கூட போகல. அரசாங்கம் இந்தப் பசங்களோட உடம்பை எடுத்துக்கிச்சுன்னு சொல்ற நாவல்தானே இது, அப்ப இவங்க உடம்பை எடுத்துக்கிட்டதை ஏன் அதே கோபத்தோட பார்க்கல? எனக்கு இதுக்கு சமாதானம் கிடைக்கல.

அடுத்தது ஓரினச்சேர்க்கை. சில நூற்றாண்டு கழிச்சு பூமியில எல்லாருமே அப்படித்தான், மக்கள்தொகையக் கட்டுப்படுத்த அரசாங்கமே அப்படி ஆக்கிடுது. மேஜர் மண்டெல்லா தலைமையில இருக்கிற படையில அவன் ஒருத்தன்தான் வேற, அவன்தான் அவங்களுக்கு விசித்திரப் பிராணி, முதுகுக்குப் பின்னாடி பட்டப்பேர் வச்சுக் கூப்பிடுவாங்க. எவன் பெரும்பான்மையோ அவன்தான் இயல்புங்கறதைப் புரட்டிக் காட்டறார், அது வேலை செய்யுது, பூமி இனிமே அவனோடது இல்லைங்கிறது அவனுக்கு எலும்பு வரைக்கும் இறங்குது. ஆனா ஒருத்தர் யாரை நேசிக்கறாங்கங்கிறது அரசாங்கம் ஸ்விட்ச் போட்டு மாத்தற சமாச்சாரம் மாதிரி எழுதியிருக்கார், அது தப்பு, அதைப் படிச்சு இன்னிக்கு மனசு புண்படறவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. அந்தக் காலம் அப்படின்னு சொல்லி நான் தப்பிக்க விரும்பல. நடுப்பகுதியில அம்மா ஒரு பெண்ணோட இருக்கறதைப் பார்த்து இவன் சுருங்கறானே, அதுலகூட அம்மாவுக்கு அந்த 27 வருஷத்துல துணையா இருந்தது யாருங்கிற கேள்வி அவனுக்கு வரல. நமக்கு வரணும்.

ஜனவரி 19

சண்டை ரசிகர்களுக்காக ஒண்ணு, நியாயமா அதையும் சொல்லணும். காலம் இப்படி மாட்டிக்கிறதால எதிரியும் அதே மாதிரிதான் வர்றான். நீங்க கிளம்பினப்ப இருந்த ஆயுதத்தோட போறீங்க, எதிர்ல வர்றவன் உங்களைவிட நூறு வருஷம் பிந்தின காலத்துல இருந்து வந்திருக்கலாம், அவன் கையில இருக்கிறது என்னன்னே உங்களுக்குத் தெரியாது. இல்ல நீங்க அவனுக்கு அப்படி இருக்கலாம். எந்தத் தளபதியாலயும் திட்டம் போட முடியாது. கடைசி சண்டையில ஸ்டேசிஸ் ஃபீல்டுன்னு ஒண்ணு, அதுக்குள்ள எதுவும் செகண்டுக்கு 16.3 மீட்டருக்கு மேல வேகமா நகர முடியாது, அதாவது மணிக்கு 59 கிலோமீட்டர் சுமாருக்கு. துப்பாக்கி, லேசர் ஒண்ணும் ஓடாது. ஆயிரம் வருஷம் முன்னேறி வந்து கடைசியில வாளும் வில்லும் அம்பும் எடுத்து நிக்கறாங்க.

ஜனவரி 22

முடிவு செயற்கையா இருக்கு, இவ்ளோ இருட்டான கதையில திடீர்னு காதலர்களைச் சேர்த்து வச்சிட்டார்னு ஒரு விமர்சனம் வந்திருக்கு. எனக்கு இது நேர் எதிரா தெரியுது, கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டறேன்.

மேரிகேயையும் மண்டெல்லாவையும் வேற வேற படைக்கு அனுப்பினப்பவே ரெண்டு பேருக்கும் தெரியும், உயிரோட திரும்பினாலும் நூத்துக்கணக்கான வருஷ வித்தியாசம், சந்திக்கவே முடியாதுன்னு. சாவைவிட அந்தக் கணக்குதான் அவங்களைப் பிரிக்குது. கடைசியில அவ அவனுக்கு ஒரு கடிதம் விட்டுட்டுப் போயிருக்கா. கைவிட்ட ஒரு கப்பலை வாங்கி அதை டைம் மெஷினா வச்சிருக்கோம், 5 ஒளியாண்டு போயிட்டு திரும்ப வரும், வேற வேலை கிடையாது, வெளிய 10 வருஷம் ஓடினா எனக்கு ஒரு மாசம்தான் வயசாகும்னு.

10 வருஷம்னா 120 மாசம். 120க்கு 1. அதுக்கு ஒளியோட வேகத்துல ஏறக்குறைய 99.9965 சதவீதம் போகணும், வேகம் கூட்டறதுக்கும் குறைக்கறதுக்கும் ஆகற நேரத்தைக் கணக்குல எடுக்காம. போய்வர 10 ஒளியாண்டு, 10 வருஷம், சரியா ஒத்துப்போகுது. எந்த ஃபார்முலா அவன்கிட்ட இருந்து அம்மாவையும் ஊரையும் பிடுங்கிச்சோ அதே ஃபார்முலாவைத்தான் அவ தன் கையில எடுத்து, அவனுக்காகக் காத்திருக்கறதுக்குப் பயன்படுத்தறா. ராணுவம் இல்ல, தளபதி இல்ல, அவளே. வானத்துல இருந்து வந்து விழுந்த சந்தோஷம் கிடையாது இது, நடுப்பகுதியில போட்ட கணக்குக்கு விடை.

இன்னொரு தகவல், மேரிகேங்கிறது ஹால்டமேன் மனைவியோட பேர். மண்டெல்லாங்கிற பேரை எழுத்து எழுத்தா கலைச்சுப் பாருங்க, ஹால்டமேன் கிட்டத்தட்ட வந்துடும். நிஜத்துல அவர் திரும்பி வந்தப்ப காத்திருந்த ஒரு ஆள் இருந்தாங்க.

ஜனவரி 22, இரவு

போர் எதுக்கு நடந்துச்சுங்கிறதுக்கு ஒரு வரியாவது எழுதச் சொல்லி வற்புறுத்தறாங்க. 1143 வருஷம் நடக்குது. ஆரம்பத்துல காணாமப்போன கப்பல்களுக்கு டாரன்கள்தான் காரணம்னு சொன்ன ஆதாரம் ஒண்ணுத்துக்கும் ஆகாததுன்னு கடைசியில தெரியுது. அவங்க எல்லாரும் ஒரே மனசு உள்ள குளோன்கள், தனி ஆள்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாது, மனுஷங்களும் குளோனா ஆனப்புறம்தான் பேச முடிஞ்சுது, பேசினதும் போர் நின்னுடுச்சு. இதை நம்ப முடியலைங்கறவங்க, வியட்நாம் போருக்குக் காரணமா சொன்ன டோன்கின் வளைகுடா சம்பவத்தைப் படிங்க. 1964 ஆகஸ்ட் 2 அன்னிக்கு மோதல் நடந்தது நிஜம், ஆகஸ்ட் 4 நடந்ததா சொன்ன ரெண்டாவது தாக்குதல் நடக்கவே இல்ல. அதைச் சொல்லித்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல தீர்மானம் வாங்கினாங்க, அதுக்கப்புறம் லட்சக்கணக்குல பசங்களை அனுப்பினாங்க.

ஜனவரி 27

நண்பர் முடிச்சிட்டேன்னு எழுதியிருக்கார், தாண்டாம படிச்சாராம், 1997 பதிப்புதானாம். பண்ணைப் பகுதி படிச்ச அன்னிக்கு தூக்கம் வரலைன்னு எழுதியிருந்ததைப் பார்த்து எனக்கு ரொம்ப நிறைவா இருந்துச்சு. அடுத்து என்ன படிக்கன்னு கேட்டிருக்கார்.

'ஃபாரெவர் பீஸ்' 1997, நல்ல நாவல், ஆனா பேரைப் பார்த்து இதோட தொடர்ச்சின்னு வாங்காதீங்க, வேற உலகம், வேற ஆளுங்க. நேரடித் தொடர்ச்சி 1999ல வந்த 'ஃபாரெவர் ஃப்ரீ', முதல் பாதி எனக்குப் பிடிச்சுது, வயசான மண்டெல்லா, பிள்ளைங்க, குளிர் ஊர். ரெண்டாவது பாதியில எல்லாத்தையும் மீறின ஒரு சக்தியை இறக்கிடறார், எனக்கு ஒட்டல. படமா பார்க்கணும்னா பெல்ஜியம்காரர் மார்வானோ வரைஞ்ச கிராஃபிக் நாவல் 1988ல ஆரம்பிச்சு மூணு பாகம், ஹால்டமேனும் சேர்ந்து செஞ்சது.

ஆனா நான் கையில திணிக்கறது 'எ செபரேட் வார்'ங்கிற நீண்ட கதை. இதுவும் 1999. மண்டெல்லாவைப் பிரிஞ்சதுக்கு அப்புறம் மேரிகேக்கு என்ன ஆச்சுன்னு அவளே சொல்றா, அவ வாழ்க்கையில ஒரு பெண் வர்றா, அதையும் அவளே சொல்றா. 17ஆம் தேதி நான் திட்டினது ரெண்டுக்கும் ஹால்டமேன் 25 வருஷம் கழிச்சு என்ன பண்ணியிருக்கார்னு அதுல பார்க்கலாம். அட்டவணை விஷயத்துல இன்னும் போதாதுன்னுதான் எனக்குப் படுது, ஆனா படிச்ச பெண்கள் யாராவது இங்க எழுதினா நான் சொல்றதைவிட அது முக்கியம். படிச்சிட்டு இதே இழையில போடுங்க.